விற்பதற்கு முன் வீட்டைத் தயார் செய்வோமா?

வீடு வாங்கும்போது நம் மக்கள் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். வாசல் எந்தத் திசை, பக்கத்தில் தமிழ்ப்பள்ளி இருக்கிறதா, மழைக்குத் தண்ணீர் ஏறுமா, நிரந்தர உரிமை நிலமா, குத்தகை நிலமா என்று துருவித் துருவி விசாரிப்பார்கள். அதே வீட்டை விற்கும்போது மட்டும் 'விற்பனைக்கு' என்று ஒரு பலகையைக் கேட்டில் கட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். வாங்க வருபவரும் அதே ஆயிரம் கேள்விகளோடுதான் வருவார்.

என் பெற்றோர் வாழ்ந்தது புக்கிட் மெர்தாஜாமில் ஓர் ஒற்றை மாடி வரிசை வீடு. அப்பா தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் சிறுகச் சிறுகச் சேமித்து, வங்கிக் கடன் எடுத்து வாங்கியது. அவர் மறைந்த பிறகு அம்மா சில ஆண்டுகள் தனியாகவே சமாளித்தார். மூட்டுவலி அதிகமானதும் கோலாலம்பூரில் இருக்கும் தங்கையோடு போய்த் தங்கச் சம்மதித்தார். அண்ணன் சிங்கப்பூரில் இருப்பதால், வீட்டை விற்கும் பொறுப்பு பட்டர்வொர்த்தில் வேலை செய்யும் என்னிடம் வந்தது. அப்போது கற்றுக்கொண்டதை, வீடு விற்க நினைக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் பத்திரம், பிறகு சாயம்

வீட்டைத் தயார் செய்வது என்றதும் சாயக் கடைக்குத்தான் ஓடுகிறோம். முதலில் திறக்க வேண்டியது அலமாரி. கிராண்ட் என்று நாம் சொல்லும் நிலப்பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். இறந்தவர் பெயரிலேயே இருந்தால், சொத்துப் பகிர்வு முடியாமல் வீட்டை விற்க முடியாது.

அப்பா உயில் எழுதவில்லை. தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1958-ஆம் ஆண்டு பகிர்வுச் சட்டம் பொருந்தும். இறந்தவரின் பெற்றோர் உயிரோடு இல்லையென்றால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. நிலமும் வீடும் உட்பட மொத்தச் சொத்து 50 இலட்சம் வெள்ளிக்கு மேற்படாவிட்டால், சிறு சொத்துப் பகிர்வு முறையில் விண்ணப்பிக்கலாம். 2024 ஜூலைக்கு முன் அந்த வரம்பு 20 இலட்சமாக இருந்தது. எங்கள் குடும்பத்தில் பிள்ளைகள் மூவரும் அம்மாவும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசிய பிறகுதான் மற்ற வேலைகளைத் தொடங்கினோம்.

அடுத்து, வீட்டில் செய்த மாற்றங்கள். பின்கட்டில் சமையலறையை நீட்டிக் கட்டாத தெரஸ் வீடு நம்மவர்களிடம் அபூர்வம். அதற்கு நகராட்சியின் ஒப்புதல் வாங்கியிருந்தால், அந்த வரைபடத்தைத் தேடி எடுத்து வையுங்கள். வாங்குபவரின் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் அதைக் கேட்கக்கூடும். அப்பா அந்தக் காகிதத்தை மதிப்பீட்டு வரி ரசீதுகளோடு ஒரு பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருந்தார். செபராங் பிறை 2019-ல் மாநகராவதற்கு முந்தைய காலத்து முத்திரை அதில் இருந்தது.

வரியையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள். மலேசியக் குடிமகன் வீட்டை வாங்கி 3 ஆண்டுக்குள் விற்றால் இலாபத்தில் 30 விழுக்காடு சொத்து இலாப வரி. 4-ஆம் ஆண்டில் 20, 5-ஆம் ஆண்டில் 15. 2022 முதல், 6-ஆம் ஆண்டிலிருந்து இந்த வரி இல்லை. வாரிசு வழியில் வந்த வீட்டுக்கு இந்தக் கணக்கு எந்த நாளில் தொடங்குகிறது என்பதை வழக்கறிஞரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இடத்தைக் காட்டுங்கள்

அமெரிக்காவில் விற்பனைக்கு வரும் வீட்டை நாடக மேடை போல் ஒழுங்குபடுத்திக் காட்டுவது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. 1970-களில் பார்ப் ஷ்வார்ட்ஸ் என்ற பெண்மணி தொடங்கிவைத்ததாகச் சொல்வார்கள். அதற்காகச் சோபாவையும் ஓவியத்தையும் வாடகைக்கு எடுப்பவர்கள் உண்டு. நம் ஊர் வரிசை வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. எதைக் கொண்டுவந்து வைக்கலாம் என்று யோசிப்பதைவிட, எதை வெளியே எடுக்கலாம் என்று யோசித்தாலே போதும்.

எங்கள் வீட்டில் ஓடாத இரண்டு மின்விசிறி, கால் ஒடிந்த நாற்காலிகள், மூன்று பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்கள், யாரும் தொடாத ஆட்டுக்கல் எல்லாம் இருந்தன. அம்மா ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்து, "இது இருக்கட்டும்" என்றார். நாங்கள் அவசரப்படுத்தவில்லை. வைத்துக்கொள்வது, உறவுக்குக் கொடுப்பது, போடுவது என்று மூன்று குவியலாகப் பிரிக்க நான்கு வார இறுதிகள் ஆயின. அப்பாவின் பால் வெட்டும் கத்தி முதல் குவியலுக்குப் போனது. வீடு விற்பவர்களுக்கு நான் சொல்லும் ஆலோசனை இதுதான்: விளம்பரம் போடுவதற்கு இரண்டு மாதத்துக்கு முன்பே இந்த வேலையைத் தொடங்குங்கள். ஆள் பார்க்க வரும் நாளில் பெரியவர்களோடு வாக்குவாதம் செய்யும் நிலை வரக்கூடாது.

பின்னறையில் ஓர் இரும்பு அலமாரி பல ஆண்டுகளாக ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றது. அதை நகர்த்தியதும் வெளிச்சம் வந்தது. தூரத்தில் மலையும் தெரிந்தது. பார்க்க வந்த எல்லாரும் அந்த அறையில்தான் கூடுதல் நேரம் நின்றார்கள். ஒரு காசு செலவில்லாத வேலை.

செலவு செய்ய வேண்டிய இடங்களும் உண்டு. சொட்டும் குழாய், எரியாத விளக்கு, துருப்பிடித்த கிரில், மூடாத கதவு ஆகியவற்றை முதலில் பழுதுபாருங்கள். கதவு நிலைகளில் கரையான் இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். கூரை ஒழுகி மேற்கூரைப் பலகையில் கறை படிந்திருந்தால், ஒழுகலை நிறுத்திய பிறகே சாயம் பூசுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மழையில் கறை திரும்ப வந்துவிடும்.

புக்கிட் மெர்தாஜாமில் வாங்க வருபவர் சீனராகவோ மலாய்க்காரராகவோ தமிழராகவோ இருக்கலாம். சாமி மேடையை எடுத்துவிடுங்கள் என்று ஒருவர் யோசனை சொன்னார். அம்மா அந்த வீட்டில் இருக்கும்வரை சாமியும் இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். மேலே படிந்திருந்த விளக்குக் கரியை மட்டும் துடைத்தோம். ஆள் வரும் நாட்களில் அம்மா விடியற்காலையிலேயே பூசையை முடித்துவிடுவார். ஜன்னல்களைத் திறந்து வைத்துவிடுவோம். மீன் குழம்பை மறுநாளுக்குத் தள்ளிவைத்தோம். வீடு மேற்குப் பார்த்தது என்பதால், வெயில் ஏறுவதற்குள் காலை பத்து மணிக்கு வரச் சொன்னோம்.

சுவரில் இருந்த கோடு

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் கொட்டிய பேய்மழையை யாரும் மறந்திருக்க முடியாது. தீவிலும் பெருநிலத்திலும் பல பகுதிகள் மூழ்கின. எங்கள் சமையலறையிலும் கணுக்கால் அளவு தண்ணீர் ஏறியது. பாத்திர அலமாரிக்குப் பின்னால் அந்தப் பழுப்புக் கோடு அப்படியே இருந்தது.

வீட்டைப் பார்த்த ஒரு முகவர், "ரெண்டு கோட் சாயம் அடிச்சா தெரியாது. கேட்டா மட்டும் சொல்லுங்க" என்றார். அண்ணனும் தொலைபேசியில் அதையே சொன்னார். விலை குறைந்தால் அம்மாவின் கையிருப்புத்தானே குறையும் என்பது அவர் கவலை. அதில் நியாயம் இருந்தது. தங்கை எதுவும் சொல்லவில்லை.

அம்மாதான் முடிவு செய்தார். "வாங்க வர்றவங்க வீட்டிலயும் சின்னப் பிள்ளைங்க இருக்கும். மழை வந்தா எந்தச் சாமானைத் தூக்கி வைக்கணும்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா? சொல்லியே விக்கலாம்."

சட்டமும் அம்மா பக்கம்தான். வீட்டை நன்றாகப் பார்த்து வாங்குவது வாங்குபவரின் பொறுப்பு என்பது பொது விதி. ஆனால் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, தெரிந்த ஓர் உண்மையை ஏமாற்றும் நோக்கத்தோடு முனைந்து மறைப்பதை மோசடியில் சேர்க்கிறது. மோசடியால் பெற்ற சம்மதத்தில் உருவான ஒப்பந்தத்தை ஏமாற்றப்பட்டவர் இரத்து செய்யக் கோரலாம். கறையைச் சுத்தம் செய்து சாயம் பூசுவது பராமரிப்பு. தண்ணீரே வந்ததில்லை என்று காட்டுவதற்காகப் பூசினால் அதன் பெயர் வேறு.

நாங்கள் சுவரைச் சுத்தம் செய்து சாயம் பூசினோம். தண்ணீர் எந்த ஆண்டு, எங்கே, எவ்வளவு உயரம் வந்தது என்பதையும், கூரையில் எந்த இடத்தைப் பழுதுபார்த்தோம் என்பதையும் ஒரு தாளில் எழுதி வைத்தோம். பார்க்க வந்தவர்களிடம் அந்தத் தாளைக் கொடுத்தோம். ஒரு குடும்பம் அதைப் படித்ததும் போய்விட்டது. இன்னொருவர் அடிமாட்டு விலைக்குக் கேட்டார். மூன்றாவதாக வந்த இளந்தம்பதி மறுவாரம் கனமழை பெய்த மாலையில் சொல்லாமல் வந்து, வடிகாலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு விலை பேசினார்கள். நாங்கள் நினைத்ததைவிடக் குறைவுதான். அம்மா சரி என்றார். அண்ணனும் கையெழுத்துப் போட்டார்.

முகவரும் கணக்கும்

முகவரை அமர்த்தினால் அவர் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். மதிப்பீட்டாளர்கள், சொத்து முகவர்கள் வாரியத்தின் இணையத் தளத்தில் அவருடைய பதிவு எண்ணைச் சரிபார்க்கலாம். வீடு விற்பனையில் முகவர் கட்டணத்தின் உச்சவரம்பு விலையில் 3 விழுக்காடு. அதற்கு மேல் சேவை வரி உண்டு. 4 இலட்சம் வெள்ளி வீட்டுக்குக் கட்டணம் 12,000 வெள்ளி வரை போகும் என்று எண்ணிக்கொண்டு விலையை வையுங்கள்.

விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது வழக்கமாக 10 விழுக்காடு முன்பணம் கிடைக்கும். மீதிக்கு 3 மாதமும், வட்டியோடு கூடுதலாக ஒரு மாதமும் அவகாசம் கொடுப்பார்கள். பட்டா மாற்றத்துக்கு மாநில ஒப்புதல் தேவைப்படும் வீடாக இருந்தால் இன்னும் நாளாகும். அதனால் முழுப் பணமும் அடுத்த மாதமே கைக்கு வரும் என்று நம்பி, புது வீட்டுக்கோ பிள்ளையின் கல்விக்கோ வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

சாவி கொடுக்கும் நாளில் மின்சார, தண்ணீர் மீட்டர்களைப் படம் எடுத்து வையுங்கள். நில வரி, மதிப்பீட்டு வரி, கழிவுநீர்க் கட்டணம் ஆகியவற்றின் கடைசி ரசீதுகளை ஒரே கோப்பில் போட்டுக் கொடுங்கள். நாங்கள் அந்தக் கோப்பை அப்பாவின் பிஸ்கட் டின்னோடு சேர்த்துக் கொடுத்தோம். மேலே அம்மா எழுதச் சொன்ன தாள் இருந்தது: கனமழை பெய்தால் முதலில் பின்வாசல் வடிகாலில் இலை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.