படர்தாமரையும் புகையானும்

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என் பிழைப்பு இதுதான்: விடியற்காலையில் பெரம்பூரில் மின்சார ரயில் ஏறி திருவள்ளூரில் இறங்குவது, ஒன்றரை ஏக்கரில் வெயில் ஏறும்வரை வேலை, பிறகு வீடு. முப்பது வருஷத்துக்கு மேல் மின்விசிறிக்குக் கீழே இருந்த உடம்பு. முதல் கோடையிலேயே கணக்கைத் தீர்த்துவிட்டது.

சித்திரையில் இடுப்பில், அரைஞாண் கயிறு படுகிற இடத்தில் அரிப்பு. வட்டமாக, ஓரம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. மருந்துக்கடையில் கேட்டேன். ஒரு களிம்பு கொடுத்தார்கள். மூன்றே நாளில் அரிப்பு போச்சு. பத்தாம் நாள் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. மறுபடி அதே களிம்பு. இப்படியே மூணு மாசம். தொடை வரைக்கும் பரவி, வீட்டம்மாவுக்கும் ஒட்டிக்கொண்ட பிறகுதான் தோல் மருத்துவரிடம் போனேன். களிம்பை வாங்கிப் பார்த்தவர், "சார், இதுல ஸ்டீராய்டு இருக்கு. நீங்களே பூஞ்சைக்குத் தீனி போட்டு வளர்த்திருக்கீங்க" என்றார்.

நடந்தது என்ன?

படர்தாமரை ஒரு பூஞ்சை. தோலின் மேல்படலத்தைத் தின்று வாழ்வது. ஈரமும் சூடும் இருந்தால் போதும், வளர்ந்துவிடும். சிவப்பும் அரிப்பும் நம் உடம்பின் காவல்படை அதோடு சண்டை போடுகிற அடையாளம். ஸ்டீராய்டு அந்தக் காவல்படையை அடக்கிவிடுகிறது. அரிப்பு நிற்கிறது, பூஞ்சை நிற்பதில்லை.

நெல் போடுகிறவர்களுக்கு இது புதுசு இல்லை. புகையானுக்குப் பயந்து கடும் மருந்து அடித்தால் முதலில் சாவது அதைப் பிடித்துத் தின்கிற சிலந்தி. அப்புறம் புகையான் முன்னைவிடப் பெருகும். வயலில் வேண்டாம் என்று விட்ட தப்பை நான் என் இடுப்பில் செய்துகொண்டிருந்தேன்!

மருந்துக்கு அடங்காத பூஞ்சையும் இப்போது வந்துவிட்டது. நம் நாட்டில் பரவியிருக்கும் அப்படி ஒரு வகைக்கு 2020-ல் ஜப்பான் ஆய்வாளர்கள் 'டிரைகோஃபைட்டான் இண்டோடினியே' என்று பெயர் வைத்தார்கள். நம் நாட்டுப் பெயரே அதில் இருக்கிறது. 2023-ல் நியூயார்க்கிலும் கண்டுபிடித்தார்கள். கலவைக் களிம்புகளைக் கண்டபடி போட்டதும் இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்கிறார்கள் தோல் மருத்துவர்கள். ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதி கொண்டுவந்தது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது. வாங்கும்முன் பெட்டியைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. படர்தாமரைக்கு நீங்களாகப் போடாதீர்கள். ஏற்கெனவே ரொம்ப நாளாகப் போட்டு வருகிறவர்கள் மருத்துவரிடம் காட்டி நிறுத்துங்கள்.

வராமல் தடுக்க

வட சென்னையில் கடல் காற்றின் ஈரத்தில் வியர்வை காயாது. வியர்வைக் குழாயின் வாய் அடைபட்டால் வேர்க்குரு. ஈரம் மடிப்பில் தங்கினால் படர்தாமரை. இரண்டுக்கும் மருந்து காற்றோட்டமும் காய்ந்த தோலும்தான்.

* வயல் வேலை பத்து மணிக்குள், மீதி நாலு மணிக்கு மேல். முழுக்கைப் பருத்திச் சட்டை, தலைக்குத் துண்டு.

* வேலை முடிந்ததும் குளியல். இடுக்குகளைத் துடைத்துக் காயவிட்டு, பிறகு உடை. அரைஞாண் கயிறு ஈரம் பிடித்துவைக்கும். நான் கழற்றிவிட்டேன்.

* அடுக்குமாடியில் வீட்டுக்குள் காயப்போட்ட துணி அரை ஈரமாகவே இருக்கும். உள்ளாடையை மொட்டைமாடி வெயிலில் மொறுமொறுவென்று காயவையுங்கள். துண்டு ஆளுக்கொன்று.

* வேர்க்குருவின்மேல் எண்ணெயும், அப்பிக்கொள்ளும் பவுடரும் வேண்டாம். குழாயின் வாய் இன்னும் அடைபடும். குளிர்ந்த நீரில் நனைத்த துணி போதும்.

இன்னொன்று. இயற்கையானது எல்லாம் தோலுக்கு நல்லது என்று நாமே ஏமாறக் கூடாது. இலைக்கரைசலுக்கு ஒடிக்கிற எருக்கம்பால் தோலைப் புண்ணாக்கும். எலுமிச்சைச் சாறு பட்ட கையோடு வெயிலில் நின்றால் கொப்புளம் வரும். பார்த்தீனியத்தை வெறுங்கையால் பிடுங்காதீர்கள்.

வந்துவிட்டால்

எனக்கும் வீட்டம்மாவுக்கும் ஒரே நேரத்தில் வைத்தியம் நடந்தது. ஒருவருக்கு மட்டும் செய்தால் மற்றவரிடமிருந்து திரும்ப வந்துவிடும். துணிகளைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துத் துவைத்தோம். தோல் சுத்தமான பிறகும் மருத்துவர் சொன்ன நாள் வரைக்கும் மருந்தை விடவில்லை. பூஞ்சை மட்டும் கொல்கிற மருந்து, மெதுவாகத்தான் வேலை செய்தது. இரண்டு மாசம் ஆச்சு. சர்க்கரை நோய் இருப்பவர்களும், கொப்புளம் சீழ் கட்டிக் காய்ச்சல் வந்தவர்களும் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

வங்கியில் இருந்தபோது கந்துவட்டிக்காரரிடம் போய் மாட்டிக்கொண்டு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்டவுடன் காசு கிடைக்கும், அசல் மட்டும் தீராது. மூன்று நாள் களிம்பும் அப்படித்தான். மண்ணுக்குக் காட்டுகிற பொறுமையைக் கொஞ்சம் நம் தோலுக்கும் காட்டுவோம்.