நிறம் போனால் போதாது. உப்பும் போக வேண்டும்

சின்ன காஞ்சிபுரத்தில் பட்டு நெசவு முக்கியமான தொழில். பட்டு நூலைத் தறியில் ஏற்றுமுன் சோப்பும் சோடா உப்பும் கலந்த கொதிநீரில் வேகவைத்துப் பசை நீக்குவார்கள். நூலின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்தப் பசையே. பிறகு சாயம் ஏற்றி அலசுவார்கள். இப்படி வெளியேறும் நீரில் சாயமும் சோடியம் உப்பும் சேர்ந்தே இருக்கும். நகரின் கழிவு கலக்கும் வேகவதி ஆறு திருமுக்கூடலில் பாலாற்றோடு கூடுகிறது. ஆகவே சாயநீர்ப் பிரச்னை நெசவாளரோடு நிற்பதில்லை. கிணற்றுப் பாசன விவசாயியையும் தொடுகிறது.

புதிய பொருள்

சாயத்தைப் பிரித்தெடுக்க விஞ்ஞானிகள் ஒரு புதுவகைத் துகளை ஆராய்ந்து வருகிறார்கள். அதற்கு உலோக-கரிமச் சட்டகம் என்று பெயர். புடலைப் பந்தலை நினைத்துக் கொள்ளுங்கள். பந்தலின் முடிச்சுகள் இரும்பு, அலுமினியம், துத்தநாகம் போன்ற உலோக அணுக்கள். முடிச்சுகளை இணைக்கும் கழிகள் கரிமப் பொருள்கள். நடுவே உள்ள வெற்றிடங்களில் சாயம் புகுந்து ஒட்டிக்கொள்ளும். சில கிராம் துகளின் உட்பரப்பை விரித்தால் கால்பந்து மைதானம் அளவு வரும். இதை உருவாக்கியதற்காக ஜப்பானின் சுசுமு கிடகாவா, ஆஸ்திரேலியாவின் ரிச்சர்ட் ராப்சன், அமெரிக்காவின் ஓமர் யாகி மூவருக்கும் 2025ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தேங்காய் ஓட்டுக் கரியும் இதே வகையில்தான் சாயத்தைப் பிடிக்கிறது. புதிய துகளில் துளைகளின் அளவைத் தேவைக்கேற்ப அமைக்கலாம். கழுவித் திரும்பவும் பயன்படுத்தலாம். ஆனால் விலை அதிகம். சில வகைகள் நீரிலேயே சிதைந்துவிடும். சாயம் ஏறிய துகளைப் பத்திரமாக அகற்றவும் வழி வேண்டும்.

விவசாயி கவனிக்க வேண்டியது

சாயத்தைப் பிடிக்கும் துகள் பொதுவாகக் கரைந்த சோடியம் உப்பைப் பிடிப்பதில்லை. நீர் தெளிந்துவிடும், உப்பு அப்படியே இருக்கும். உப்பை நீக்க ஆர்.ஓ. போன்ற வேறு முறை தேவை. பயிரைக் கெடுப்பது பெரும்பாலும் நிறமல்ல, உப்பே.

இதற்குத் திருப்பூர் நொய்யல் ஆறு பெரிய பாடம். பருத்தித் துணிக்குச் சாயமேற்ற உப்பு ஏராளமாகத் தேவைப்படும். அந்தக் கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்குக் கட்டிய அணையின் நீரால் நிலம் கெடுகிறது என்று ஆயக்கட்டு விவசாயிகளே நீதிமன்றம் செல்ல நேர்ந்தது. 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூட சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

செய்ய வேண்டியவை

சாயக் கழிவு ஓடும் கால்வாய்க்கு அருகே கிணறு வைத்திருப்போர், நீர் தெளிவாக இருந்தாலும் பரிசோதித்துக் கொள்வது நல்லது. மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே நீரில் பாட்டிலைக் கழுவி, ஒரு லிட்டர் பிடித்து, பெயரும் கிணறு விவரமும் எழுதி, தாமதிக்காமல் மண், நீர்ப் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கவும்.

முடிவில் மின் கடத்தும் திறன் 0.7 டெசிசீமன்ஸ்/மீட்டருக்குக் கீழே இருந்தால் உப்பைப் பற்றிக் கவலையில்லை. 3க்கு மேல் போனால் பெரும்பாலான பயிர்களுக்கு ஆகாது. சோடியத்தின் அளவையும் கேட்டுக் கொள்ளவும்.

நிலத்தில் வெள்ளை பூத்தால் அது உவர். நல்ல நீர் தேக்கி வடித்துக் கழுவ வேண்டும். ஈரத்தில் பிசுபிசுத்து, காய்ந்தால் இறுகி, நீர் இறங்காமல் நின்றால் அது களர். மண் பரிசோதனைப்படி ஜிப்சம் இட்டு, நீர் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழவும். களரைத் தாங்கும் திருச்சி 1, திருச்சி 3 நெல் ரகங்களைப் பயிரிடலாம். வடிகால் இல்லாமல் ஜிப்சம் மட்டும் இடுவது வீண் செலவு.

யாரேனும் சுத்திகரித்த சாயநீரைப் பாசனத்துக்குத் தருவதாகச் சொன்னால், நிறத்தைப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டாம். உப்பு எவ்வளவு என்று பரிசோதனைச் சீட்டைக் கேளுங்கள்.