சாணைச் சக்கரமும் ஒரு குடும்பத்தின் வரலாறும்



கூர் மழுங்கிய அரிவாள் அறுப்பவரின் தோளையே வருத்தும் என்பதை நம் சுத்துக்கேணி வயல்களில் இறங்கி உழைப்போர் நன்கறிவர். தெருவில் சாணை பிடிப்பவரின் குரல் கேட்டதும் அரிவாள்மணையும் கத்தரிக்கோலும் வெளியே வருவது நம் கிராமங்களில் பழகிய காட்சி. நம் இளைஞர் வேலை தேடிச் செல்லும் தொழிற்பேட்டைகளிலும் இச்சாணையே ஆட்சி செய்கிறது. லேத்துப் பட்டறையில் கடைந்தெடுத்த இரும்புத் தண்டு ஓரளவுக்கே அளவு பிடிக்கும். மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்காகிய மைக்ரான் கணக்கில் அளவு வேண்டுமாயின், பெரும்பாலும் அதைச் சாணைச் சக்கரத்தில் கொடுத்துத் தேய்க்க வேண்டும். நம் தலைமயிரின் கனம் ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால், அந்த நுண்மையை ஊகித்துக்கொள்ளலாம். துளையிடும் கருவிக்குக் கூர் தருவதும் அளவுகோலின் முகத்தைச் சமன்செய்வதும் இச்சக்கரமே.

இதன் பின்னே ஒரு தமிழ்ச்சொல் மறைந்துள்ளது. வைரத்தின் கடினத்தை 10 என வைத்தால் அதற்கு அடுத்து 9 பெறுவது குருந்தக்கல். நாமக்கல் அருகே சித்தம்பூண்டி முதலிய இடங்களில் இது கிடைக்கிறது. இதன் பொடியை அரக்கில் குழைத்துச் சாணைக்கல் செய்வது நம் முன்னோர் கண்ட வழி. 'குருந்தம்' என்னும் இச்சொல்லே ஐரோப்பிய மொழிகளில் 'கொரண்டம்' ஆயிற்று. 1891-இல் அமெரிக்கரான எட்வர்ட் அச்சிசன் மின் உலையில் கரியும் மணற்சத்தும் கூடிய கடினப்பொருளைக் கண்டபோது, அதற்குக் 'கார்பொரண்டம்' எனப் பெயரிட்டார். கடல் கடந்து சென்ற நம் சொல் ஒரு தொழிலின் பெயராகவே திரும்பி வந்தது.

அப்பெயரைத் தமிழகத்தில் நிலைநாட்டியது செட்டிநாட்டுப் பள்ளத்தூரைச் சேர்ந்த ஒரு குடும்பம். திவான் பகதூர் அ. மு. முருகப்பச் செட்டியார் 1900-இல் பர்மாவின் மௌல்மீனில் வட்டித் தொழில் தொடங்கினார். அது இலங்கை, மலேயா, புதுவை மக்கள் பலர் குடியேறிய வியட்நாம் ஆகிய நாடுகளிலும் பரவிற்று. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது நகரத்தார் பலர் நிலத்தையும் முதலையும் இழந்து திரும்பினர். இவரோ அதற்கு முன்னரே தம் முதலைத் தாயகத்துக்குக் கொணர்ந்திருந்தார். பின்னர் எஃகுப் பெட்டகமும், தச்சர் 'உப்புக்காகிதம்' என்றழைக்கும் தேய்ப்புத்தாளும் செய்யும் தொழில்கள் பிறந்தன. 1949-இல் ஆங்கிலேய நிறுவனத்தாருடன் கூடி மிதிவண்டித் தொழிலைத் தொடங்கினர். 1954-இல் அமெரிக்கக் கார்பொரண்டம் நிறுவனமும் இங்கிலாந்தின் யுனிவர்சல் கிரைண்டிங் வீல் நிறுவனமும் இக்குடும்பத்தோடு கைகோக்க, 'கார்பொரண்டம் யுனிவர்சல்' உருவாயிற்று. சென்னைத் திருவொற்றியூர் அதன் பழைய தொழிற்களங்களுள் ஒன்று.

கடனுக்கு வட்டி வாங்கியவர் சக்கரம் செய்பவராக மாறியது எளிய செயலன்று. வட்டித் தொழிலில் நாணயம் போதும். சாணைச் சக்கரத்திலோ நாணயத்தோடு துல்லியமும் வேண்டும். மணிகளைக் களிமண் கலந்து அச்சில் அழுத்திச் சூளையில் சுடுவர். கண்ணுக்குப் புலப்படாத ஒரு விரிசல் இருந்தாலும், வேகமாய்ச் சுழலும்போது அது சிதறித் தொழிலாளியின் உயிரையே குடிக்கக்கூடும். ஆகவே சக்கரத்தைப் பயன்படுத்துமுன் இலேசாகத் தட்டி ஒலி கேட்பர். நல்ல சக்கரம் கணீரென ஒலிக்கும், விரிசல் கண்டது மந்தமாய் ஒலிக்கும்.

குடும்பத்தையும் அவ்வாறு தட்டிப் பார்க்க வேண்டிய காலம் வருகிறது. வாரிசுகள் பெருகியபோது, பிறப்பு ஒன்றே பதவிக்குத் தகுதியாகாது என இக்குடும்பத்தார் உணர்ந்தனர். 1990-களின் இறுதியில் வெளியாரையும் மேல்மட்டக் குழுவில் அமர்த்தி, அன்றாட நிர்வாகத்தைத் தொழில் வல்லுநரிடம் ஒப்படைத்தனர். 2001-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள ஐ.எம்.டி. நிறுவனம் சிறந்த குடும்பத் தொழிலுக்கான விருதை இவர்களுக்கு வழங்கிற்று.

ஆயினும் ஒரு சோதனை எஞ்சியிருந்தது. 2017-இல் ஒரு கிளையின் தலைவர் மறைந்தார். அவருக்கு இரு பெண்மக்கள் மட்டுமே. முதலீட்டு நிறுவனத்தில் எங்கள் பங்குக்கு உரிய விலை தருக, அன்றேல் இயக்குநர் அவையில் இடம் தருக என அவர்கள் கேட்டனர். 2020-இல் பங்குதாரர் கூட்டம் அவையிடத்தை மறுத்தது. வழக்கு நீதிமன்றப் படியேறிற்று. 2023-இல் இரு தரப்பும் உடன்பாடு கண்டன. யார் பக்கம் நியாயம் எனத் தீர்ப்புரைப்பது நம் வேலையன்று. எனினும், இத்துணை அனுபவம் உடைய குடும்பத்திலும் மகளுக்குரிய இடம் எது என்னும் வினாவுக்கு விடை காண ஆறாண்டுகள் பிடித்தன என்பதை நாம் கருத வேண்டும்.

நம்மிடையே ஆலைகள் இல்லை. ஒரு காணி நிலமோ, மளிகைக் கடையோ, தையற் பொறியோ இருக்கலாம். அதனை யார் நடத்துவது, மகளுக்கு என்ன பங்கு, கணக்கை யார் பார்ப்பது ஆகியவற்றைத் தந்தையும் தாயும் உயிரோடிருக்கையிலேயே மக்கள் அனைவரையும் அமர்த்திப் பேசி, எழுத்தில் வைத்தல் நலம். துக்க வீட்டில் தொடங்கும் பங்கீட்டுப் பேச்சு உறவை அறுத்துவிடுவதை நாம் காணாமலில்லை. விரிசலைச் சக்கரம் சுழலுமுன் தேடுவதே அறிவுடைமை.