சொந்தக் கால், அப்பா பணம்

பட்டம் வாங்கியாகிவிட்டது. வயது 25-ஐத் தாண்டிவிட்டது. ஆனாலும் மாதக் கடைசியில் வீட்டாரிடம் கை நீட்ட வேண்டியிருக்கிறது. இந்திய இளைஞர்கள் சொந்தக் காலில் நிற்க ஏன் இத்தனை தாமதம்?

தில்லியின் முகர்ஜி நகரிலும் பிரயாக்ராஜின் சந்துகளிலும் ஒரு விசித்திரமான வியாபாரம் கொடிகட்டிப் பறக்கிறது. அதன் மூலதனம், இளைஞர்களின் காத்திருப்பு. பயிற்சி நிலையம், மெஸ், வாடகை அறை, ஜெராக்ஸ் கடை எல்லாமே அதை நம்பித்தான் நடக்கின்றன. அங்கே சம்பாதிக்காத ஒரே ஆள் அரசு வேலைக்குப் படிக்கும் இளைஞர்தான். முன்பு அவருக்கு ஊரிலிருந்து மணியார்டர் வரும். இப்போது அதே பணம் செல்போனில் வருகிறது. அனுப்புபவர் மட்டும் மாறவில்லை. அதே அப்பாதான்.

காத்திருப்பு எவ்வளவு நீளும் என்பதற்கு ரயில்வேயே சாட்சி. தொழில்நுட்பம் சாராத சுமார் 35,000 பணியிடங்களுக்கு 2019 பிப்ரவரியில் விளம்பரம் வந்தது. விண்ணப்பித்தவர்கள் சுமார் 1.25 கோடி பேர். முதல் கட்டத் தேர்வு 2020 டிசம்பரில்தான் தொடங்கியது. அதன் முடிவுகள் வெளியானபோது 2022 ஜனவரி. தேர்வானவர்களைப் பட்டியலிட்ட முறை பற்றித் தகராறு எழுந்து, பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் இளைஞர்கள் தண்டவாளத்தில் இறங்கினார்கள். கயாவில் ரயில் பெட்டிக்குத் தீ வைக்கப்பட்டது. 23 வயதில் விண்ணப்பம் போட்டவருக்கு அப்போது 26 ஆகியிருக்கும். வேலை இன்னும் கைக்கு வரவில்லை.

அதற்குப் பிறகும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. 2024 பிப்ரவரியில் உத்தரப் பிரதேசத்தில் 60,244 காவலர் பணியிடங்களுக்காக நடந்த தேர்வை சுமார் 48 லட்சம் பேருக்காக ஏற்பாடு செய்திருந்தார்கள். வினாத்தாள் வெளியானதால் தேர்வே ரத்தானது. மறுதேர்வு ஆகஸ்டில் நடந்தது. ஆறு மாத அறை வாடகையும் மெஸ் கட்டணமும் யார் கணக்கில் ஏறின என்று சொல்லத் தேவையில்லை.

படிக்காததால்தான் வேலை இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சர்வதேச தொழிலாளர் அமைப்பும் தில்லியின் மனிதவள மேம்பாட்டு ஆய்வு நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை இதைப் புட்டுப்புட்டு வைத்தது. 2022-ல் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே வேலையின்மை 3.4 சதவீதம். பட்டதாரிகளிடையே 29.1 சதவீதம். காரணம் எளிது. வீட்டில் அரிசி இல்லாதவர் கிடைத்த கூலிக்குப் போய்விடுகிறார். வேலையில்லாமல் இருக்க அவருக்கு வசதியில்லை. பட்டதாரிக்குப் பின்னால் கொஞ்சம் நிலமோ, அம்மாவின் நகையோ, அப்பாவின் சேமநிதியோ இருக்கிறது. அவர் காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் அது கரைகிறது.

தனியார் துறைக்குப் போனால் பிரச்னை தீர்ந்துவிடுமா? 2010 வாக்கில் புதிய பொறியாளருக்கு ஆண்டுக்கு மூன்று, மூன்றேகால் லட்சம் தந்த பெரிய மென்பொருள் நிறுவனங்கள், 2020-களிலும் பெரும்பாலோருக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றியே தந்தன. இடைப்பட்ட காலத்தில் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் ஒரே இடத்தில் நின்றுவிடவில்லை. மூன்றரை லட்சம் என்றால் பிடித்தம் போக மாதம் ஏறக்குறைய 25,000 ரூபாய் கைக்கு வரும்.

அந்தப் பணம் வருவதற்கு முன்பே அதற்குப் பங்காளிகள் வந்துவிடுகிறார்கள். முதல் பங்காளி வங்கி. நான்காண்டுப் படிப்புக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் கல்விக் கடன் வாங்கியதாகக் கொள்வோம். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பது சலுகை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். 10 சதவீத சாதாரண வட்டி என்றாலும், தவணை தொடங்கும் நாளில் கடன் 5.4 லட்சமாகியிருக்கும். அதைப் பத்தாண்டுகளில் அடைக்க மாதம் சுமார் 7,100 ரூபாய் வேண்டும். சம்பளத்தில் கால் பங்குக்கும் மேல்.

இரண்டாவது பங்காளி வீட்டுக்காரர். பெங்களூரில் ஆறு முதல் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். 15,000 ரூபாய் வாடகை வீட்டுக்குப் பத்து மாத அட்வான்ஸ் என்றால் ஒன்றரை லட்சம், அதாவது ஆறு மாதச் சம்பளம். குடியிருப்புகளுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம். ஆனால் அது மாதிரிதான். மாநிலங்கள் ஏற்றால்தான் செல்லும். எனவே மகன் தனிக்குடித்தனம் போகவும் அப்பாதான் காசோலை எழுதுகிறார்.

மூன்றாவது பங்காளி அந்த அப்பாவேதான். பென்ஷன் இல்லாத பெற்றோருக்குப் பிள்ளைதான் பென்ஷன். தங்கையின் படிப்பு, அம்மாவின் மருந்து, வீட்டுக்கடன் என்று மூத்த பிள்ளையின் சம்பளம் வந்த வழியே திரும்பிப் போகிறது. கொடுப்பதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் சேமிப்பு என்ற ஒன்று தொடங்குவதே இல்லை. வேலை போனால் மறுபடியும் வீட்டு வாசல்தான்.

குடும்பம் இப்படித் தாங்கிப்பிடிப்பது நம் நாட்டின் பெரிய பலம் என்பதை மறுக்க முடியாது. அரசு செய்யாத காப்பீட்டைக் குடும்பம் செய்கிறது. ஆனால் அதற்கும் பிரீமியம் உண்டு. செலவை ஏற்பவர் முடிவையும் எடுக்கிறார். என்ன படிப்பது, எந்த ஊருக்குப் போவது, யாரை மணப்பது என எல்லாவற்றிலும் அவர் சொல்தான் கடைசிச் சொல். பெண்களுக்கு இந்த பிரீமியம் இன்னும் அதிகம். அண்ணன் நான்காவது முறை தேர்வு எழுதும்வரை பொறுக்கும் வீடு, தங்கைக்கு இரண்டாவது முயற்சியிலேயே வரன் பார்க்கத் தொடங்கிவிடும்.

இளைஞர்களுக்குப் பொறுப்பில்லை என்று சலித்துக்கொள்வது சுலபம். அதைவிடப் பயனுள்ள வேலைகள் இருக்கின்றன. ஐ.ஏ.எஸ். தேர்வின் மூன்று கட்டங்களையும் மத்தியத் தேர்வாணையம் ஏறக்குறைய ஓராண்டில் முடித்துவிடுகிறது. மற்ற வாரியங்களுக்கு மட்டும் அது ஏன் முடியாது? ரயில்வே 2024-ல் ஆண்டு அட்டவணை அறிவித்திருக்கிறது; அதைக் கடைப்பிடித்தாலே பலருக்கு ஓரிரு ஆண்டுகள் மிச்சம். கல்விக் கடன் தவணை சம்பளத்துக்கு ஏற்றபடி ஏறி இறங்கலாம். இரண்டு மாத அட்வான்ஸ் என்பதை மாநிலங்கள் உண்மையான சட்டமாக்கலாம்.

அதுவரை நாட்டின் மிகப் பெரிய வேலையில்லாக் கால உதவித் திட்டம் அப்பாக்களின் சேமநிதியில்தான் நடக்கும். அந்த அப்பாக்களும் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள்.