கட்டிய கழிப்பறையும் வராத தண்ணீரும்: சி.எஸ்.ஆர். பணத்தை அளப்பது எப்படி?

சி.எஸ்.ஆர். எனப்படும் பெருநிறுவன சமூகப் பொறுப்பு இந்தியாவில் 2014 ஏப்ரல் 1 முதல் சட்டக் கடமை. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு ரூ.500 கோடி, விற்றுமுதல் ரூ.1,000 கோடி, நிகர லாபம் ரூ.5 கோடி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-வது பிரிவு இதைச் சொல்கிறது.

செலவைக் கணக்கிடுவது ஓரளவு எளிது. நிர்வாகச் செலவு மொத்தத்தில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஊழியர்களுக்கு மட்டுமே பயன்படும் திட்டம், அரசியல் கட்சிக்குக் கொடுத்த நன்கொடை, விளம்பர லாபத்துக்காகத் தந்த நிதியுதவி ஆகியவை கணக்கில் சேரா. வேறு சட்டப்படி செய்தே ஆக வேண்டிய வேலையும் சேராது. மக்கள் மறக்கக் கூடாத விதி இதுதான். ஆலைக் கழிவுநீரைச் சுத்திகரிப்பது ஆலையின் கடமை. அதற்கான செலவைச் சமூக சேவை என்று எழுத முடியாது. ஊருக்கு ஒரு சமுதாயக் கூடம் கட்டித் தந்ததால் ஆற்றை மாசுபடுத்திய பொறுப்பும் தீர்ந்துவிடாது.

பலனை அளப்பதுதான் கடினம். 2014-இல் தொடங்கிய தூய்மைப் பள்ளி இயக்கத்தில், மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் சுமார் 1.4 லட்சம் பள்ளிக் கழிப்பறைகளைக் கட்டும் பொறுப்பை ஏற்றன. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் 15 மாநிலங்களில் 2,695 கழிப்பறைகளை நேரில் ஆய்வு செய்தார். 2020-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அந்த அறிக்கையின்படி, கட்டி முடித்ததாகக் கணக்குக் காட்டப்பட்டவற்றில் 200 கழிப்பறைகள் கட்டப்படவே இல்லை. முழுமையாகக் கட்டப்பட்டிருந்த 2,326-இல் 691 பயன்பாட்டில் இல்லை. 72 விழுக்காட்டில் உள்ளே குழாய்த் தண்ணீர் கிடையாது. செலவுக் கணக்கை மட்டும் பார்த்தால் இது நிறைவேறிய திட்டம். பெண் பிள்ளைகள் பள்ளிக்கு ஒழுங்காக வர வேண்டும் என்பதற்காக எழுந்த திட்டம் என்று நினைத்துப் பார்த்தால், தண்ணீர் வராத ஒவ்வொரு கழிப்பறையும் ஒரு தோல்வி.

செய்த வேலை, அதனால் வந்த பயன், நெடுநாள் விளைவு ஆகிய மூன்றும் வேறுவேறு. எத்தனை தையல் இயந்திரம் கொடுத்தார்கள் என்பது வேலை. எத்தனை பெண்கள் அதில் தைத்துச் சம்பாதிக்கிறார்கள் என்பது பயன். இரண்டு வருடம் கழித்து அந்த வீட்டின் கடன் குறைந்ததா என்பது விளைவு. திட்டம் தொடங்குமுன் நிலைமை எப்படி இருந்தது என்று குறித்து வைக்காவிட்டால், பின்னால் வந்த மாற்றம் அந்தத் திட்டத்தால் வந்ததா, நல்ல மழையால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. திட்டம் எட்டாத பக்கத்து ஊரோடு ஒப்பிட்டிருந்தால் விளைவை அளக்கும் ஆய்வுக்கு மதிப்புக் கூடும்.

2021 ஜனவரியில் வந்த விதித் திருத்தம் விளைவு மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. ஆனால் மூன்றாண்டுச் சராசரியில் ரூ.10 கோடி அல்லது அதற்கு மேல் சி.எஸ்.ஆர். கடமை உள்ள நிறுவனங்களுக்கு மட்டும், அதிலும் ரூ.1 கோடிக்குக் குறையாத, முடிந்து ஓராண்டாவது ஆன திட்டங்களுக்கு மட்டும். ஆய்வைச் செய்வது சுதந்திரமான அமைப்பாக இருக்க வேண்டும் என்கிறது விதி. அந்த அமைப்பைத் தேர்ந்தெடுத்துக் கூலி தருவதோ அதே நிறுவனம். ரூ.40 லட்சத்தில் ஒரு ஊரில் போடப்பட்ட குடிநீர்த் திட்டத்துக்கு இந்த மதிப்பீடு கட்டாயமே இல்லை. அங்கே ஊர் மக்கள்தாம் கண்காணிக்க வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது. இணையதளம் உள்ள நிறுவனம் தன் சி.எஸ்.ஆர். கொள்கையையும் இயக்குநர் குழு ஒப்புக்கொண்ட திட்டங்களையும் அதில் வெளியிட வேண்டும். ஆண்டறிக்கையுடன் செலவு விவரம் இணைக்கப்பட வேண்டும். கட்டாய மதிப்பீடு நடந்திருந்தால் அந்த அறிக்கையும் சேர வேண்டும். பொதுத்துறை நிறுவனமானால், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒப்பந்த நகலையும் பணி முடிவுச் சான்றையும் கேட்கலாம். தனியார் நிறுவனத்தை அப்படி நேரடியாகக் கேட்க முடியாது. ஆனால் அது கட்டித் தந்த கட்டடம் அரசுப் பள்ளியிலோ ஊராட்சியிலோ இருந்தால், அங்குள்ள பதிவேடுகளைக் கேட்க முடியும்.

தனக்கு இன்னது செய் என்று ஒரு தனிமனிதர் நிறுவனத்திடம் உரிமையாகக் கோரச் சட்டம் இடம் தரவில்லை. நிறுவனம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது, அவ்வளவுதான். பணம் செலவாகாமல் நின்றால் நிலைமை வேறு. தொடரும் திட்டத்துக்கான மிச்சம் நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்குக்குப் போய், மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவாக வேண்டும். மற்ற மிச்சம் ஆறு மாதத்துக்குள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் குறிப்பிட்டுள்ள நிதி ஒன்றுக்குச் செல்ல வேண்டும். தவறினால் அந்தத் தொகையின் இரு மடங்கு அல்லது ரூ.1 கோடி, எது குறைவோ அது அபராதம்.

அறிக்கையில் இருக்கும் திட்டம் ஊரில் இல்லையென்றால், நிறுவனப் பதிவாளருக்கு எழுத்தில் புகார் தரலாம். திட்டத்தின் பெயர், காட்டப்பட்ட தொகை, அந்த இடத்தின் தேதியிட்ட படம் ஆகிய மூன்றையும் இணைப்பது நல்லது. பள்ளி சார்ந்ததென்றால் பள்ளி மேலாண்மைக் குழுவிலும், மற்றவற்றைக் கிராம சபையிலும் எழுப்பித் தீர்மானமாகப் பதிவு செய்தால், புகாரோடு சேர்க்க ஒரு அரசு ஆவணமும் கையில் இருக்கும்.