சொந்தப் பெயரில் வந்த இசைத்தட்டு

நூலொன்று விலைபோகாவிடின் எழுத்தாளன் வாசகரை நோவதும், வாசகர் எழுத்தாளனை நோவதும் நாம் அறிந்ததே. இசையுலகிலும் இவ்வழக்கு உண்டு. ஸ்கொட் வோக்கர் என்னும் பாடகர் 1969 நவம்பரில் வெளியிட்ட ‘ஸ்கொட் 4’ என்ற இசைத்தட்டைப் பன்முறை கேட்டபின், இரு சாராரையும் நோக எனக்கு மனமில்லை.

அவர் 1943இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்திற் பிறந்தவர். இயற்பெயர் நோயல் ஸ்கொட் எங்கல். உடன்பிறந்தோரல்லாத மூவர் ‘வோக்கர் பிரதர்ஸ்’ எனக் கூடிப் பாடியபோது சூடிக்கொண்ட பொதுப்பெயரே வோக்கர். இங்கிலாந்தின் இளைஞர் அக்குழுவின்மீது பெருமோகங் கொண்டனர். அவர் தனித்துப் பாடிய முதல் மூன்று ‘ஸ்கொட்’ தட்டுகளும் அந்நாட்டு விற்பனைப் பட்டியலின் முதல் மூன்று இடங்களுக்குள் நின்றன. 1968இல் வந்த இரண்டாவது முதலிடத்தையே பெற்றது.

நான்காவதில் அவர் துணிவு மிகுந்தது. அதுவரை பிறர் பாடல்களையும், சிறப்பாகப் பெல்ஜியப் பாடகர் ஜாக் பிரெலின் பாடல்களையும் கலந்து பாடியவர், இதிலுள்ள பத்தையும் தாமே இயற்றினார். உறையிலே இயற்பெயரைப் பொறித்தார். தட்டு பட்டியலில் இடம்பெறவேயில்லை.

பெயர் மாற்றமே காரணம் என்பார் உளர். புனைபெயருக்குப் பழகிய நம் எழுத்துலகத்தார் இதனை எளிதில் நம்புவர். எனக்கோ அது அரைக்காரணமாகவே தோன்றுகின்றது. முதற்பாடல், இங்மார் பேர்க்மனின் 1957ஆம் ஆண்டுத் திரைப்படமான ‘ஏழாவது முத்திரை’யைத் தழுவியது: கொள்ளைநோய் பரவிய நாட்டில் மரணத்தோடு சதுரங்கமாடும் வீரனின் கதை. பிறிதொன்று, 1968இல் பிராக் நகருட் சோவியத் படை புகுந்ததைப் பற்றியது. பேஸ் கிற்றாரின் கீழ்த்தொனி முன்னே நடக்க, ஆடவர் குழுவின் ஓலம் பின்னே தொடர்கின்றது. குரல் என்னவோ அதே ஆழ்ந்த, இனிய குரல்தான். ஆனால் காதற்றுயர் கேட்க வந்த கூட்டம் திகைத்ததில் வியப்பென்ன?

இத்தோல்விக்கு அவர் கொடுத்த விலை பெரிது. 1970இல் வந்த அடுத்த தட்டிலேயே பழைய பெயருக்குத் திரும்பினார். 1972 முதல் 1974 வரை வெளியான நான்கு தட்டுகளில் அவர் இயற்றிய பாடல் ஒன்றேனும் இல்லை. பாடத் தெரிந்தவர் பாடிக்கொண்டிருந்தார். எழுதத் தெரிந்தவர் வாய்மூடியிருந்தார். மீண்டும் கூடிய பழைய குழுவின் ‘நைட் ஃபிளைட்ஸ்’ 1978இல் வந்தபோதுதான் அவர் எழுதிய நான்கு பாடல்கள் வெளிப்பட்டன. 1995இல் வந்த ‘டில்ட்’, முன்னைய இரசிகர் கனவிலும் எண்ணாத கடுமையான புதுவழி.

2019இல் அவர் மறைந்தார். ஒருகாலத்தில் விலைபோகாத நான்காவது தட்டைப் பலரும் இன்று விரும்பிக் கேட்கின்றனர். மறுபதிப்புகளின் உறையில் எங்கல் என்ற பெயரில்லை. ஸ்கொட் வோக்கர் என்றே அச்சாகியுள்ளது.