மண்ணுள் மறையும் கடலட்டை

இராயபுரம் முதல் எண்ணூர் வரை நம் கரையில் நிற்போர்க்குப் புலனாவன கப்பலும் படகும் அலையுமேயாம். அலையின் கீழ் மணலிலும் சேற்றிலும் புதைந்து வாழும் உயிர்களோ பல. கடலட்டைகளுட் சில அவ்வியல்பின. பெயரால் அட்டையெனினும், அது குருதி உறிஞ்சும் அட்டைக்கு உறவன்று; கடல் நட்சத்திரத்தின் சுற்றமாகும். மண்ணை விழுங்கி, அதிலுள்ள மட்கிய பொருளை உண்டு, எஞ்சியதைக் கழித்துவிடுதலின், நிலத்துக்கு மண்புழு எவ்வாறோ கடலடிக்கு இஃது அவ்வாறே.

தமிழகக் கடலில் இவற்றுட் பெயர்பெற்றது மன்னார் வளைகுடாவிலும் பாக்கு விரிகுடாவிலும் வாழும் வெள்ளையட்டை. 1833-இல் யேகர் என்பார் இதற்கு ஹோலோதூரியா ஸ்கேப்ரா எனப் பெயரிட்டார். இதன் முதுகு கருஞ்சாம்பல் நிறத்தது, வயிறு வெண்மையானது. ஆயினும் நிறம் ஒன்றுக்கொன்று வேறுபடுமாதலின் அதனை மட்டும் நம்பலாகாது. நூலட்டையைச் சீண்டின் ஒட்டும் வெண்ணூல்களை உமிழும். வெள்ளையட்டை அங்ஙனம் உமிழாது.

ஐயந்தீர்க்கும் சான்று தோலினுள் உள்ளது. தோலில் சிறு துண்டு எடுத்துத் துணி வெளுக்கும் பிளீச்சிங் நீரிலிட்டால், தசை கரைந்து சுண்ணாம்பு நுண்துகள்கள் எஞ்சும். அவற்றை நுண்ணோக்கியிற் காணின், வெள்ளையட்டையில் வட்டத் தட்டின்மேற் சிறு கோபுரம் எழுந்தாற் போன்றனவும், புடைப்புடைய பொத்தான் போன்றனவும் தோன்றும். புழுவடிவாய் மண்ணைத் துளைக்கும் சினாப்டா குடும்பத்திலோ, துறைமுகவாசிகளாகிய நமக்குப் பழக்கமான நங்கூர வடிவமே தோன்றும்! பார்மலினில் நெடுநாள் வைப்பின் இத்துகள்கள் அமிலத்தாற் கரைந்துபோம். ஆதலின் சாராயமே காப்புக்கு ஏற்றது.

இவ்வளவு நுணுகி அறிவதாற் பயன் என்னை எனின், கூறுதும். 2017 சனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதியபோதும், 2023 டிசம்பர் வெள்ளத்தின்போதும் நம் கடலில் எண்ணெய் பரவிற்று. மீனவர்தம் படகும் வலையும் கெட்டமை யாவரும் கண்டது. சேற்றினுள் மாண்டவை எவையென அறிய வேண்டின், முன்னர் ஆண்டு வாழ்ந்தவை எவையென்னும் கணக்கு வேண்டுமன்றோ? பெயரறியா உயிரைக் கணக்கில் எழுதுவது யாங்ஙனம்?

2001-இல் இந்திய அரசு கடலட்டை இனம் முழுவதையும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துட் சேர்த்தது. ஆதலின் மாணவர் கரையில் ஒன்றைக் காணின் எடுத்துவருதல் தகாது. தோலை ஆராய்தல் அனுமதி பெற்றோர்க்கே உரியது. நாம் செய்யக்கூடியது, இடமும் நாளும் குறித்துப் படமெடுத்து, ஆய்வாளர்க்கு அறிவித்தலே. தமிழ் பயில்வார், மீனவர் வழங்கும் பெயரையும் உடனெழுதுக. வெள்ளையட்டை, நூலட்டை என்னும் பெயர்களே இனம் பிரித்தறியும் குறிப்பைத் தம்முட் கொண்டுள்ளன அல்லவா?